இரண்டு நாள் முந்திய வழக்கு

நீ வைத்திருந்த என் வழக்குக் கட்டின் பாச்சை உருண்டை வாசம் என் மேசையை விட்டு இன்னும் போகவில்லை. நேற்று உன் மனைவி கொண்டுவந்து கொடுத்தாள்.

"ஆபீஸ் ரூமக் காலி பண்ணுதோம் அண்ணாச்சி. இது உங்க கேஸ் கட்டு. நான் படிச்சுட்டேன்."

காபி வேண்டாம் என்று எழுந்துவிட்டாள். நீ இறந்து நாற்பது நாள் ஆகிறது. நான் துக்கத்துக்கு வரவில்லை என்பது அவளுக்கு நினைவிருக்கும்.

தொண்ணூற்றிரண்டில், பீடித் தொழிலாளர் ஊர்வலத்தில் கல் எறிந்தேன் என்று என்னைப் பிடித்துப் போனார்கள். நான் கல்லூரியில் வரலாறு நடத்துகிறவன். கையில் குடைதான் இருந்தது. ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் லத்தியால் என் வலது கை விரல்கள் மூன்றை உடைத்தான். ஆஸ்பத்திரிச் சீட்டில் 'குளியலறையில் வழுக்கி விழுந்தார்' என்று எழுத வைத்தார்கள். அந்த ஸ்டேஷனில் குளியலறையே கிடையாது.

ஜாமீன் கிடைக்காமல் சிறையில் கிடந்தபோது எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். போலீஸ்தான் உடைத்தது என்று ஒரு நீதிபதி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்காகவே, என் வக்கீலான உன்னை சிவில் வழக்குப் போடச் சொன்னேன். ஆழ்வார்திருநகரியிலிருந்து வாராவாரம் ரயிலில் வந்து, கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னாய்:

"அரசாங்கத்துக்கு நோட்டீஸ் குடுத்தா ரெண்டு மாசம் காத்துக் கெடக்கணும்லே. முந்திப் போட்டா கேஸ் நிக்காது."

"அதுக்குள்ள அவன் மாத்தல் வாங்கிட்டுப் போயிருவான்."

"போகட்டும், சம்மன் அங்கனயும் போவும். கிளாஸ்ல முந்நூறு வருசத்த மூச்சு விடாம நடத்துத, ரெண்டு மாசம் பொறுக்க முடியலியோலே?"

நான் வெளியே வந்த பிறகும் வழக்கு மூன்று வருடம் நடந்தது. தீர்ப்பில் என் விரல்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நோட்டீஸ் கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போதே வழக்குத் தாக்கலாகிவிட்டது, ஆகவே தள்ளுபடி. புதிதாகப் போடக் காலம் கடந்திருந்தது. நீதிபதி உன்னைப் பார்த்தார்.

"நாள எண்ணுனதுல என் பிழைங்கய்யா" என்றாய்.

இன்ஸ்பெக்டர் எனக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டுப் போனான்.

அன்றோடு உன்னிடம் பேச்சை நிறுத்தினேன். அறுபது வரை எண்ணத் தெரியாத வக்கீல் என்று வண்ணார்பேட்டை டீக்கடையிலும் கல்லூரியிலும் சொல்லிச் சிரிக்க வைத்தேன். உன் மகள் கல்யாணப் பத்திரிகையைத் திருப்பி அனுப்பினேன். உனக்கு வழக்குகள் குறைந்துவிட்டதாகக் கேள்விப்பட்டபோது வருத்தப்படவில்லை.

கட்டுக்குள், சிறை முத்திரையோடு என் தபால் கார்டு இருக்கிறது. இடது கையால் எழுதிய கோணல் எழுத்து. 'இந்த வெள்ளிக்கிழமைக்குள் தாக்கல் செய். இல்லையென்றால் வேறு வக்கீலைப் பார்த்துக்கொள்கிறேன்.' வெள்ளிக்கிழமையே செய்திருக்கிறாய். இரண்டு நாளை யாரும் எண்ண மாட்டார்கள் என்று நினைத்திருப்பாய்.

எழுதியதை மறந்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன். நினைவிருந்தது. கார்டு தொலைந்திருக்கும் என்று நம்பினேன்.

அந்த இன்ஸ்பெக்டரை நான் மன்னிக்கப் போவதில்லை. உன்மேல் இருக்கும் கோபத்தைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒரு தடவையாவது இதை என் முகத்தில் எறிந்திருக்கலாம் நீ. தீர்ப்புக்குப் பிறகு நீ இருந்த நான்கு வருடமும், எதிர்ப்பட்ட போதெல்லாம், "கை எப்படிலே இருக்கு?" என்று மட்டும் கேட்டாய். அதையும் உன் குற்றமாகவே வைத்திருக்கிறேன். அதை உன்மேலிருந்து இறக்கி வைத்தால், குற்றவாளியாக மிஞ்சுகிறவன் நான் ஒருவன்தான்.