கை காட்டாத புள்ளி

ஆடி 5, திங்கள்

பேய்க்காற்று. மாடியில் காயப்போட்ட என் துப்பட்டா பக்கத்து வீட்டுத் தென்னையில். எடுக்கப் போகவில்லை. காலையில் விரல் மடங்கவே இல்லை, வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அம்மா: "கைவலின்னு யார்ட்டயும் மூச்சு விட்றாத. ஆவணி பொறந்ததும் தேவாரம் ஊர்ல இருந்து பொண்ணு பாக்க வர்றாக."

ஆய்வு வேலை: மூட்டுவாதம் உள்ளவர்களின் வாட்ஸ்அப் குழு. யார் யாருக்குப் பதில் போடுகிறார்கள் என்று கணினியில் படம். ஆளுக்கு ஒரு புள்ளி, பதிலுக்கு ஒரு கோடு. அட்மின் அக்கா எல்லோரிடமும் சொல்லி, சம்மதம் வாங்கித்தான் என்னைச் சேர்த்தார். பார்க்கலாம், எழுதக் கூடாது. பேராசிரியர் உத்தரவு. எனக்கும் இதே நோய் என்று அவருக்கும் தெரியாது, குழுவுக்கும் தெரியாது.

ஆடி 6, செவ்வாய்

படம் வந்துவிட்டது. நடுவில் அட்மின் அக்கா. ஓரத்தில் எதிலும் ஒட்டாமல் ஒரு புள்ளி: செல்வி. போடிமெட்டுக்கு மேலே ஏலக்காய் எடுக்கிறவர். குழுவில் ஒரு வரி எழுதியதில்லை.

பேராசிரியர் போனில்: "தனிமைங்கிற அத்தியாயத்துக்கு இவங்களையே உதாரணமா வச்சுக்கோம்மா."

பாவம் செல்வி.

வாங்க: தைலம், பிரிண்டர் மை.

ஆடி 8, வியாழன்

என் தலையில் நானே குட்டிக்கொள்ள வேண்டும். தினமும் காலையில் குழுவில் எமோஜி கை பொம்மையாக வரும். காலை வணக்கம் என்று நினைத்து எல்லாவற்றையும் கழித்துவிட்டு எழுத்தை மட்டும் எடுத்திருந்தேன். இன்று புதிதாகச் சேர்ந்தவருக்கு அட்மின் அக்கா விளக்கினார்: விரல் மடங்கினால் மூடிய கை, மடங்காவிட்டால் விரித்த கை. விரித்த கை போட்டவருக்கு மற்றவர்கள் பூ போடுவார்கள்.

பொம்மைகளைச் சேர்த்து மறுபடி கணினியில் ஓட்டினேன். செல்வியிடமிருந்து கோடு கோடாக! அவர் இருக்கும் தோட்டத்தில் சிக்னல் இல்லையாம், அட்மின் அக்கா சொன்னார். வேலைக்குப் போகும் ஜீப்பு மெட்டு வளைவில் திரும்பும்போது சிக்னல் கிடைக்கும், அப்போது எல்லோருக்கும் பூ போட்டுவிட்டுப் போகிறார்.

சும்மா என் புள்ளியையும் சேர்த்துப் பார்த்தேன். ஓரத்தில், ஒரு கோடும் இல்லாமல். அழுகை வந்தது, அழுதேன்.

"இன்னும் என்னடி சோலி? வெரசா சாப்பிட வா." அம்மா.

ஆடி 10, சனி

தூறல். குழுவில் செல்வியின் குரல் பதிவு, ஜீப்பு இரைச்சலோடு. என் பெயர் சொல்லி:

"படிக்க வந்த பிள்ளைன்னு அக்கா சொன்னாக. படிக்கிற பிள்ளைக்கும் கை இருக்கும்ல ஆத்தா? ஒரு நாளாச்சும் காட்டுனியா? மடங்குதா, இல்லையா?"

பின்னால் இன்னொரு பெண்: "போதும் சேச்சி, சிக்னலு போயிரும்."

திரும்பத் திரும்பக் கேட்டேன். என் கையைப் பற்றி யாரும் கேட்டதே இல்லை.

பேராசிரியருக்குப் போன். "பதில் போட்றாதம்மா. நீயே உள்ள போயிட்டா ஆய்வே செல்லாது." சரி சார் என்றேன். குழுவில் தேவாரத்து ஆட்களும் இருக்கிறார்கள். ஒருத்தர் பார்த்தால் போதும், ஊருக்கே தெரிந்துவிடும்.

மத்தியானம் சோறு பிசைய முடியவில்லை. ஸ்பூன் கேட்டேன், அம்மா வாசலைப் பார்த்துவிட்டுக் கொடுத்தாள்.

விரித்த கை. அனுப்பிவிட்டேன்.

உடனே அட்மின் அக்கா: "அடி ஆத்தி, உனக்குமா?"

செல்விக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. நாளை ஞாயிறு, ஜீப்பு கிடையாது.