இறந்தவர்கள் விட்டுச்சென்ற மாத்திரைகள்

அனுப்புநர்:
ந. உத்திராபதி (வயது 74),
ஆலந்திட்டு, பிச்சாவரம் அருகில்,
சிதம்பரம் வட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
கடலூர்.

பொருள்: வீடுகளில் மீந்துபோகும் மாத்திரைகளைப் பாதுகாப்பாகப் பெற்று அழிக்க ஏற்பாடு கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மனைவி ஞானாம்பாள் சென்ற மாசி மாதம் காலமானார். பதினைந்து ஆண்டு சர்க்கரை நோய். கருமாதி முடிந்ததும் புடவைகளை உறவுப் பெண்களுக்குப் பிரித்துக் கொடுப்பது எங்கள் வழக்கம். கொடுத்தோம். ஒரு பிஸ்கட் டின் நிறைய மாத்திரை மட்டும் மீந்தது.

2. அடுத்த வீட்டு விருத்தாம்பாள் இறால் உரிக்கும் வேலை செய்தவர். அவருக்கும் சர்க்கரை. "அக்கா சாப்ட்ட மாத்தரதான மாமா, எனக்கும் அதே சுகருதான். குப்பையில போடறத எனக்குக் குடுங்க" என்று கேட்டார். காலாவதித் தேதியைக் கண்ணாடி போட்டுப் பார்த்துத்தான் கொடுத்தேன். காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று என் மனைவிக்கு எழுதியதையே சொன்னேன்.

3. மூன்றாம் நாள் கிருத்திகை. விருத்தாம்பாள் விரதம். வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். பதினோரு மணிக்கு வியர்த்துக் கொட்டி, இறால் கூடைமேல் சாய்ந்தார். பசி மயக்கம் என்று நிழலில் படுக்க வைத்தார்கள். சிதம்பரத்துக்குக் கொண்டு சேர்த்தபோது மணி மூன்று. ஐந்து நாள் கண் திறக்காமல் கிடந்து இறந்தார். என் மனைவியின் மாத்திரை அவருடையதைவிட நான்கு மடங்கு வீரியம். இதைப் பிறகுதான் இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் வைத்துப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

4. அவர் கருமாதிக்கு மறுநாள், மகள் கயல்விழி ஒரு மஞ்சள் பையோடு வந்தார். "பெரியப்பா, அம்மாவோட மாத்தரைங்க. நீங்கதான் படிச்சிப் பாத்துக் குடுப்பீங்க. யாராவது கேட்டா குடுங்க" என்றார். பையில் நான் கொடுத்த அட்டையும் இருந்தது. ஐந்து குழி காலி. வாங்கி வைத்தேன்.

5. டின்னும் பையும் என் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. காலை எட்டு மணியானால் "மாத்திரை போட்டாச்சா" என்று என் வாய் தானாகக் கேட்கிறது. இரண்டு பேரில் யாரைக் கேட்கிறேன் என்று எனக்குத் தெரியவில்லை.

6. மருந்துக்கடையில், "பெரியவரே, விக்கத்தான் எங்களுக்கு லைசென்சு, திரும்ப வாங்கறதுக்கு இல்ல" என்றார்கள். சுகாதார நிலையத்தில் உத்தரவு இல்லை என்றார்கள். குப்பை வண்டி எழிலரசி, "எங்கிட்ட குடுத்தா மேட்டுலதான் கொட்டுவேன் மாமா. அங்க ஆடு மேயுது, அட்டை பொறுக்க ஆளு வருது. ஒங்களுக்குச் சம்மதமா?" என்றார். சம்மதமில்லை. காயலில் நண்டு பிடிக்கிறார்கள். அதிலும் போட மாட்டேன். ஆஸ்பத்திரி ஊசிகளை எடுத்துப்போகத் தனி வண்டி வருகிறது. அதில் இந்த டின்னுக்கு இடமில்லையா என்று கேட்டேன். அதற்கும் உத்தரவு இல்லை என்று சுகாதார நிலையத்தில் சொன்னார்கள்.

7. ஆகவே அரசு மருத்துவமனைகளிலும் மருந்துக்கடைகளிலும் பூட்டிய பெட்டி வைத்து, மீந்த மாத்திரைகளைப் பெற்று, அந்த வண்டியிலேயே ஏற்றி முறையாக எரிக்க உத்தரவிட வேண்டுகிறேன். இறப்புச் சான்றிதழ் கொடுக்கும்போதே, மீந்த மாத்திரையை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று வீட்டாரிடம் சொல்ல வேண்டும். எனக்கு யாரும் சொல்லவில்லை. என் குற்றத்தைக் குறைக்க இதை எழுதவில்லை. விசாரணைக்கு அழைத்தால் வருவேன். பெட்டி வைக்கும் வரை ஒவ்வொரு திங்கட்கிழமையும் டின்னோடு தங்கள் முன் நிற்பேன்.

இடம்: கடலூர்
நாள்: 16.06.2025

இப்படிக்கு,
ந. உத்திராபதி

நகல்: செல்வி கயல்விழி, ஆலந்திட்டு. (தாயாருக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது என்பது மட்டும் இவருக்குத் தெரியும். எதனால் என்பது தெரியாது. இன்று மாலை நானே போய்ப் படித்துக் காட்டுவேன்.)