மணிக்கட்டைத் தாழ்த்தினால் விரல் திறக்கும்

காலையிலிருந்து மழை. நம் வாசல் கதவைக் கட்டும் தோல் வார் நனைந்து ஊறிப்போய்விட்டது. ஆணியில் மாட்டினால் நழுவித் தொங்குகிறது, காற்றடிக்கும்போதெல்லாம் கதவு தானாகத் திறந்து மூடுகிறது. வீடு முழுக்கப் பச்சைத்தோல் வாடை. வெயில் நாளில் சுள்ளி மாதிரி வாடையே இல்லாமல் கிடக்கும் வார்தான். ஒரு மழை பட்டதும் இன்றைக்கு உரித்தது போல நாறுகிறது.

உன் கையிலிருந்து நான் வெட்டியெடுத்த வார் அது. ஆஸ்பத்திரிக் குப்பையில் போடப் போனேன், நீ விடவில்லை. கல்யாணமாகி இந்த வேலூர் வீட்டுக்கு வந்ததும் துண்டுகளை நீயே முடிச்சுப் போட்டுக் கதவில் கட்டினாய். "என் கைய கெடுத்துச்சில்ல, வீட்டையாவது காவல் காக்கட்டும்" என்றாய்.

வாடை பழகிப்போனதுதான். இன்று என்னைக் கலங்க வைத்தது நம் குழந்தை. நீ போன பிறகு, எனக்கு ஆஸ்பத்திரி வேலை அதிகமாகும் நாட்களில் அவளை ஆம்பூரில் உன் அப்பாவிடம் விட்டுவைக்கிறேன். நேற்றுதான் ரயிலில் கூட்டிவந்தேன். காலையில் கஞ்சி குடித்து முடித்தவள் டம்ளரைத் தரையில் வைத்தாள். வைக்கும்போது மணிக்கட்டை நன்றாகக் கீழே வளைத்தாள். அதன் பிறகுதான் விரல்கள் திறந்தன.

"இன்னொரு தடவ வையி கண்ணு" என்றேன். டம்ளரை எடுத்தாள், வைத்தாள். அதே வளைவு, அதே திறப்பு. வலது கை.

உன் கையைத் தவிர வேறு எந்தக் கையிலும் நான் அதைப் பார்த்ததில்லை.

ஆம்பூரில் தோல் கிடங்கில் வேலை பார்த்த உன் அப்பாவுக்கு நீ சோறு கொண்டுபோன அந்த மத்தியானம், சுண்ணாம்புக் குழியோரம் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தாய். மணிக்கட்டுக்குச் சற்று மேலே எலும்பு முறிந்தது. உங்கள் தெருவில் உடைந்த எதற்கும் ஒரே வைத்தியம்தான். வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் விட்டுப்போனாலும், கோடாரிக் காம்பு பிளந்தாலும், கட்டில் கால் ஆடினாலும், பச்சைத்தோலை வாராகக் கிழித்து, ஈரத்தோடு இழுத்துச் சுற்றி வெயிலில் போட்டுவிடுவார்கள். காயக் காயச் சுருங்கி இரும்பு மாதிரி பிடித்துக்கொள்ளும். உன் அப்பா அதையேதான் மகள் கைக்கும் செய்தார். விரல் முட்டியிலிருந்து முழங்கை வரைக்கும் சுற்றி, உன்னை வெயிலில் உட்கார வைத்தார். நீ கத்தக் கத்த, "எலும்பு கூடுதும்மா, அதான் வலிக்குது" என்று தலையைத் தடவிக்கொண்டிருந்தாராம்.

மறுநாள் உன்னை வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது, கட்டுப் போடும் அறையில் டிரெஸ்ஸராக நான் இருந்தேன். வாருக்கு வெளியே தெரிந்த விரல் நுனிகள் நீலம் பாரித்துச் சில்லென்று இருந்தன. நகத்தை அழுத்தினேன், வெளுத்த இடத்துக்கு ரத்தம் திரும்பவில்லை. வாரில் கத்தி ஏறவே இல்லை. மாவுக்கட்டு வெட்டும் பெரிய கத்திரியை எடுத்துவந்தேன்.

"ஐயா, பாத்து ஐயா. நல்லா வுழுந்த கட்டு அது. இந்தக் கட்டுல வண்டிச் சக்கரமே வருசக்கணக்கா நிக்குது" என்றார் உன் அப்பா.

அந்த வலியிலும் நீ தலையைத் தூக்கி, "நான் இன்னா சக்கரமாப்பா?" என்று கேட்டாய்.

நான் உன்னை முதன்முதலாகப் பார்த்தது அப்போதுதான்.

எலும்பு நேராகத்தான் கூடியது. உன் அப்பா அதை ஆஸ்பத்திரி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஆனால் ரத்தம் ஓடாமல் கிடந்த நேரத்தில் முன்கைத் தசையில் பாதி செத்துவிட்டது. செத்த தசையும் தோல் மாதிரிதான், காய்ந்து சுருங்கும். விரல்களை மடக்கும் நரம்புக் கயிறுகள் அந்தத் தசையிலிருந்துதான் மணிக்கட்டைத் தாண்டி வருகின்றன. தசை குட்டையானதும் கயிறுகளை இழுத்துக்கொண்டது, விரல்கள் உள்ளே மடங்கி நின்றுவிட்டன. டாக்டரம்மா பார்த்துவிட்டு, வெந்நீர், எண்ணெய், தினமும் நீவி நீட்டுவது, பிறகு மரச்சட்டம் என்று எழுதினார். நீட்டுகிற வேலை எனக்கு வந்தது.

நீயும் அப்பாவும் உறவுக்காரர் வீட்டில் தங்கிக்கொண்டு தினமும் வந்தீர்கள். வெந்நீரில் கையை ஊறவைத்து, ஒவ்வொரு விரலாகப் பிடித்து நீட்டுவேன்.

"வலிக்குதா?"

"பின்ன இன்னா, பாட்டா பாடுறேன்?"

"கொஞ்சம் பொறுத்துக்கம்மா."

"நீங்க ஒரு நாள் கைய குடுங்க, நான் இழுக்குறேன். அப்போ தெரியும் பொறுமை."

ஒரு நாள் உன் மணிக்கட்டைக் கீழே வளைத்துப் பிடித்துக் காட்டினேன். கயிறு தளர்ந்து விரல்கள் தாமாகத் திறந்தன. மணிக்கட்டை மேலே தூக்கினேன், கயிறு இழுபட்டு மூடின. நீ அதை நாலைந்து தடவை செய்து பார்த்தாய். அன்று உன் முகத்தில் வந்த வெளிச்சம் எனக்கு மறக்காது.

"அப்போ என் கைக்கு சாவி மணிக்கட்டுல இருக்குதுன்னு சொல்லுங்க. அது போதும் எனக்கு. எல்லாம் புடிப்பேன், எல்லாம் வுடுவேன்."

சொன்னபடியே செய்தாய். சட்டம் போட்டும், நீவியும் கை பாதிதான் திரும்பியது. மீதியை மணிக்கட்டு பார்த்துக்கொண்டது. ஒன்றை எடுக்க வேண்டுமானால் மணிக்கட்டைத் தாழ்த்தி விரலைத் திறந்து, பொருளின் மேல் வைத்து, மணிக்கட்டைத் தூக்குவாய். வைக்க வேண்டுமானால் மறுபடியும் தாழ்த்துவாய். கல்யாணத்துக்குப் பிறகு நீ காப்பி டம்ளரை நீட்டியபோதெல்லாம் என் கை பழகிக்கொண்டது. நேருக்கு நேராக வாங்கினால் உன் விரல் விடாது. நான் உன் கைக்குக் கீழே உள்ளங்கையை ஏந்த வேண்டும், நீ மணிக்கட்டைத் தாழ்த்தி அதில் விட வேண்டும்.

ஆனாலும் பயம்தான் எனக்கு. நீ உலைப்பானையை இறக்கும்போதும், குழந்தையைத் தூக்கும்போதும், அந்த மணிக்கட்டு நினையாமல் தாழ்ந்துவிடுமோ என்று பார்த்துக்கொண்டே நிற்பேன். "எப்பப் பாத்தாலும் கையவே பாக்குறீங்க. எனக்கு ஒரு மூஞ்சி இருக்குது, தெரியுமா?" என்பாய். ஒரு தடவைகூட நீ எதையும் போட்டு உடைக்கவில்லை. இப்போது உன்னை நினைத்தால் முகம் கொஞ்சம் தாமதித்துத்தான் வருகிறது. கை உடனே வந்துவிடுகிறது.

விஷஜுரம் வந்து நீ கிடந்த கடைசி நாளில் என் இரண்டு விரலைப் பிடித்துக்கொண்டிருந்தாய். பகல் வெளிச்சத்தில், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூச்சு நின்றது. பிடி நிற்கவில்லை. உன்னை எடுத்துக் கிடத்த ஆட்கள் காத்திருந்தார்கள். நான் உன் மணிக்கட்டைக் கீழே வளைத்தேன். விரல்கள் திறந்து என்னை விட்டன. அன்றிலிருந்து எனக்கு எதுவும் சரியாக உறைப்பதில்லை. வேலைக்குப் போகிறேன், கட்டுப் போடுகிறேன், வருகிறேன்.

இன்று காலை அந்த டம்ளரைப் பார்த்ததும்தான் உறைத்தது.

குழந்தை ஆம்பூரில் விழுந்திருப்பாள். கை முறிந்திருக்கும். உன் அப்பா மறுபடியும் வாரை எடுத்திருப்பார். எனக்குச் சொல்லப் பயந்து, கட்டை அவிழ்த்துவிட்டு அனுப்பியிருப்பார். கணக்குப் போட்டால் அவள் அங்கே இருந்த நாள் போதாது, தசை சுருங்க வாரங்கள் பிடிக்கும், எனக்கே தெரியும். ஆனாலும் தெரிந்ததெல்லாம் அந்த நேரத்தில் எங்கோ போய்விட்டது. அவள் சட்டைக் கையை மேலே தள்ளினேன். மணிக்கட்டைச் சுற்றிச் சிவப்பாக ஒரு கோடு.

"தாத்தா கையில இன்னா கட்னாரு கண்ணு?"

"வளவி."

"எங்க அது?"

"ஒடஞ்சிப்போச்சி." பேச்சை அதோடு முடித்துக்கொண்டு மழையைப் பார்க்கத் திரும்பினாள்.

சிறிய வளையலை அழுத்திப் போட்டால் கோடு விழும்தான். மனம் கேட்கவில்லை. மடியில் உட்கார வைத்து நகங்களை அழுத்தினேன். வெளுத்தது, உடனே சிவந்தது. முன்கையை அழுத்தினேன், பஞ்சு மாதிரி இருந்தது. கடைசிச் சோதனை ஒன்றுதான் பாக்கி. மணிக்கட்டை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு விரல்களை நீட்ட வேண்டும். தசை சுருங்கியிருந்தால் விரல் நீளாது. மணிக்கட்டைத் தூக்கினேன். அவள் விளையாட்டென்று நினைத்து விரல்களை இறுக்கி மூடிக்கொண்டு சிரித்தாள். நீட்டப் பார்த்தேன், வரவில்லை.

"தொறடி கண்ணு."

"மாட்டேன்."

"அப்பாவுக்காக. கொஞ்சூண்டு."

"கொலு பொம்ம வாங்கித் தருவியா?"

"தர்றேன்."

திறந்தாள். மணிக்கட்டு மேலே நிமிர்ந்திருக்க, ஐந்து விரலும் பின்னால் வளைகிற அளவுக்கு நீண்டன. நல்ல கை. எந்தக் குறையும் இல்லாத கை.

"அப்போ டம்ளர ஏம்மா அப்டி வெக்கிற?" என்றேன், கையை வளைத்துக் காட்டி.

இதுகூடத் தெரியாதா என்பது போலப் பார்த்தாள். "அம்மா அப்டித்தானே வெக்கும்?"

ஆஸ்பத்திரியில் என்னிடம் வரும் தாய்மார்களிடம் நான் சொல்வதுண்டு. பிள்ளை கையில் தப்பான பழக்கம் ஏறினால் உடனே மாற்றுங்கள், விட்டால் மூட்டு அதற்குப் பழகிவிடும் என்று. அவள் மணிக்கட்டைப் பிடித்து, "இப்டி நேரா வையி" என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அந்தக் கைக்கு அதனால் ஒரு கெடுதலும் வராது. பள்ளிக்கூடம் போனால் மற்றப் பிள்ளைகளைப் பார்த்துத் தானாகவே விட்டுவிடுவாள் என்றும் தெரியும். அதை நினைத்தால்தான் இப்போது பயமாக இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் நர்சம்மா கத்திரியை நீட்டினாலும், கடையில் பொட்டலம் கொடுத்தாலும், என் கை இன்னும் கீழே போய்த்தான் ஏந்துகிறது. "இன்னா டிரெஸ்ஸரே, கோயில்ல பிரசாதம் வாங்குற மாதிரி நிக்கிறீங்க" என்று நர்சம்மா கேலி செய்வார்.

மதியத்துக்கு மேல் மழை விட்டு வெயில் அடித்தது. வார் காய்ந்து இழுத்துக்கொண்டது, கதவு ஆடவில்லை. குழந்தை குடத்திலிருந்து டம்ளரில் தண்ணீர் மொண்டு, தளும்பத் தளும்ப எனக்குக் கொண்டுவந்து நீட்டினாள். நான் அவள் கைக்குக் கீழே உள்ளங்கையை ஏந்தினேன். அவள் மணிக்கட்டைத் தாழ்த்தி, டம்ளரை அதில் விட்டாள்.