படையலில் ரவுட்டர்

புரட்டாசி 13, திங்கள்.

காலையில் தூறல். கேபிள்காரர் வந்து இன்டர்நெட் போட்டுவிட்டுப் போனார். மருமகள் தேவி எல்லாம் விளக்கினாள். மறப்பதற்குள் எழுதுகிறேன். எழுதப் படிக்கக் கற்றபின் இவ்வளவு பெரிய விஷயம் எழுதுவது இதுதான் முதல்.

கேபிள்: டி.வி.க்கு வரும் அதே கருப்பு ஒயர்.
மோடம்: கேபிளில் வருவதைக் கம்ப்யூட்டருக்குப் புரியும்படி மாற்றும் பெட்டி.
ரவுட்டர்: அதை வீட்டில் உள்ள போன், லேப்டாப் எல்லாவற்றுக்கும் பங்கு போடும் இன்னொரு பெட்டி. இரண்டும் ஒன்றாகவும் வருமாம். நமக்குத் தனித்தனி.
வைஃபை: ரவுட்டர் ஒயர் இல்லாமல் அனுப்புவது. ஒயரில் அனுப்பினால் அது லேன்.

பாஸ்வேர்டு எதிர்வீட்டுக்காரர் கேட்டார். "எனக்கே தெரியாதுபா" என்றேன். தெரியும். இங்கேயும் எழுதவில்லை.

14, செவ்வாய்.

வெயில். பொரி, கடலை, பூசணிக்காய் வாங்கியாயிற்று. கை வலி.

நாளை மாலை தேவிக்கு மலேசியாவிலிருந்து வீடியோ கால். கல்யாண வீடு, முகூர்த்தப் புடவை. நம் தறிப் புடவை இதுவரை தரகர் வழியாகத்தான் போகும். இவள் நேராக விற்கப் பார்க்கிறாள். போன மாதம் போனில் படம் நின்று நின்று வந்து, ஒரு வீட்டார் வேறு இடம் போய்விட்டார்கள்.

"இதுவும் போச்சுன்னா மறுபடியும் தரகர் வாசல்லதான் நிக்கணும் மாமா."

15, புதன். ஆயுத பூஜை.

தறியில் ஓடும் நாடா, கத்தரி, தராசு எல்லாம் துடைத்துப் பொட்டு வைத்தேன். தேவியின் தொழிலுக்கும் கருவி உண்டே. ரவுட்டரைக் கழற்றிச் சந்தனம், குங்குமம் இட்டு நாடாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். கற்பூர வெளிச்சத்தில் நல்ல அழகு.

மாலை தேவி ரவுட்டரைத் தேடினாள். காட்டினேன். முகம் வெளுத்துவிட்டது. எடுக்கப் போனவளை என் மனைவி கனகா விடவில்லை.

"படைச்சு வெச்சத காலையிலதான் எடுக்கணும். தறியே சும்மா இருக்குது, இதுக்கு என்ன அவசரம்?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். யோசித்தேன். பங்கு போடத்தானே ரவுட்டர்? இருப்பது ஒரு லேப்டாப். பங்கு எதற்கு?

"மோடத்துலேர்ந்து ஒயர நேரா லேப்டாப்ல சொருகினா வராதாம்மா?"

தேவி லேன் ஒயரை எடுத்துச் சொருகினாள். வரவில்லை. மோடத்தை அணைத்து மறுபடி போட்டாள். வந்துவிட்டது.

ஒயர் முழ நீளம்தான். லேப்டாப் நகராது. அதனால் புடவைகள் கூடத்துக்கு வந்தன. கனகா ஒரு முனை, நான் ஒரு முனை பிடித்து விரித்தோம். மணப்பெண்ணின் அம்மா முந்தானையைக் கிட்டே காட்டச் சொன்னார். "கைய ஆட்டாதீங்க, சரிகை தெரியல" என்று கனகா என்னைத்தான் அதட்டினாள். படம் ஒரு தடவைகூட நிற்கவில்லை. நாளை சொல்கிறோம் என்றார்கள்.

16, வியாழன்.

ரவுட்டரை எடுத்து மாட்டினேன். பொட்டைத் துடைக்கக் கனகா சம்மதிக்கவில்லை.

மலேசியாவிலிருந்து பதில் வந்துவிட்டது. அரக்குப் புடவை பெண்ணுக்கு, பச்சை அவள் தங்கைக்கு.

பத்து மணிக்குத் தரகர் போன். தேவி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே பேசினாள்.

"இந்த வாட்டி உங்களுக்குப் புடவை இல்லீங்க."