ஹாலுக்கும் அறைக்கும் நடுவில்

ஜபல்பூர்
9.6.2024

அன்புள்ள தாட்சாவுக்கு,

நலம். போனில் பேசினால் சண்டையாகிவிடுகிறது, அதனால் எழுதுகிறேன். கள்ளிக்குப்பம் வீடு எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் ஹாலுக்கும் அறைக்கும் நடுவில் உள்ள சுவர் போயாக வேண்டும். அப்படியென்றால்தான் வாங்குவேன். நம் கவிப்பிரியா நிச்சயதார்த்தத்துக்கு, மாற்றலுக்கு முன் ஆவடியில் என்னோடு வேலை பார்த்த செக்‌ஷன் ஆட்கள் மொத்தமும் வருவார்கள், எங்கே உட்காரவைப்பது? லீவில் வந்தபோது தட்டிப் பார்த்தேன், டொக் டொக்கென்றது. வெறும் தடுப்புச் சுவர்தான். குவார்ட்டர்ஸில் ஓர் ஆணி அடிக்கக்கூட எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கினோம். சொந்த வீட்டிலாவது என் இஷ்டத்துக்கு ஒரு சுவரை இடிக்கக் கூடாதா? சீக்கிரம் பதில் போடு. தூக்கமே வரவில்லை.

உன்
மணவாளன்

ஆவடி
16.6.2024

அன்புள்ள கவி அப்பாவுக்கு,

உங்களுக்கு எப்போதுமே அவசரம். நீங்கள் தட்டிய இடத்துக்குப் பின்னால், அறைப் பக்கம், சுவரைக் குடைந்து அலமாரி வைத்திருக்கிறார்கள். சத்தம் அங்கிருந்துதான். எதிர் குவார்ட்டர்ஸ் சபீனா சிவில் இன்ஜினியர் இல்லையா, அவளை அழைத்துப் போனேன். கதவு நிலையருகே டேப் பிடித்தாள். ஒன்பது அங்குலச் சுவர். மேலே பீம் கிடையாது, தளம் நேராகச் சுவர்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. வாடகைக்கு விட்டிருக்கும் மாடியிலும் அதே இடத்தில் சுவர். “இதை எடுத்தா மாடி கீழ வந்துடும் ஆன்ட்டி” என்றாள். விற்கிற சின்னசாமியோ, “இன்னாம்மா நீ, ஒட்ச்சிக்கோ, ஒண்ணும் ஆவாது, நான் கட்ன ஊடு” என்கிறார். விற்றுவிட்டுப் போகிறவருக்கு என்ன!

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொண்டாலும் சரி. சபீனா இடிக்கலாம் என்று சொல்லியிருந்தாலும் நான் விட்டிருக்க மாட்டேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து இந்தக் குவார்ட்டர்ஸில் நமக்கு ஹால்தான் அறை. உங்கள் ஆட்கள் சீட்டாட வந்தால், அவர்கள் கிளம்பும்வரை நான் சமையலறையில் நின்றுகொண்டிருப்பேன். கால் வலிக்கிறது என்று ஒருநாளும் சொன்னதில்லை. எனக்குக் கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை வேண்டும். வீடே வேண்டாமென்றால் நேராக எழுதுங்கள். இப்படிக் காத்துக் கிடப்பதுதான் தாங்கவில்லை.

தாட்சாயிணி

ஜபல்பூர்
23.6.2024

தாட்சா,

முதலில் கோபம்தான் வந்தது. கிழித்துப் போடக்கூட நினைத்தேன். அப்புறம் மெஸ்ஸில் தட்டை எடுத்துக்கொண்டு போனவனுக்கு உட்காரவே பிடிக்கவில்லை, நின்றபடியே சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

சுவர் இருக்கட்டும். நிச்சயதார்த்தத்துக்கு மொட்டை மாடியில் பந்தல் போடலாம். சின்னசாமியிடம் சரியென்று சொல்லிவிடு. ஒன்று மட்டும் கேட்கிறேன். லீவில் வந்தால் அந்த அறையில் எனக்கு இடம் உண்டா?

மணவாளன்

ஆவடி
30.6.2024

அன்புள்ள கவி அப்பாவுக்கு,

சின்னசாமியிடம் சொல்லியாயிற்று. கவிக்கும் சந்தோஷம்.

இடம் உண்டு. கதவைத் தட்டிவிட்டு வாருங்கள். உடனே திறப்பேன் என்று மட்டும் நினைக்காதீர்கள், கொஞ்சநேரம் நான் காலை நீட்டிப் படுத்திருப்பேன்.

உங்கள்
தாட்சா