வால் கொழுப்பும் ஒரு பிடி மாத்திரையும்

அன்பு மகள் ஐகனிஷுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்களும் ஆடு குதிரைகளும் சுகம், மாஸ்கோவில் நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். அப்பாவும் இப்போது சுகம், அதனால்தான் நடந்ததை எழுதவே துணிந்தேன்.

உன் தம்பி உலானுக்குப் பெண் பேசி முடித்தோம் அல்லவா, ஆட்டின் கல்லீரலும் வால் கொழுப்பும் சம்பந்திகள் ஒருவருக்கொருவர் ஊட்டிக்கொள்ளாமல் சம்பந்தம் ஆகுமா, வாயை மூடிக்கொண்டால் பெண்ணே வேண்டாம் என்றதாகிவிடும். உன் அப்பாவோ ரத்தக் கொழுப்புக்கு மாத்திரை சாப்பிடுகிற மனிதர், தின்னும் கொழுப்பு எவ்வளவோ மாத்திரையும் அவ்வளவு என்று தானே முடிவு கட்டி விருந்துக்கு விருந்து ஒரு பிடி விழுங்கியிருக்கிறார். அவர்கள் வீடு, நம் வீடு, மாமன்மார் வீடு என்று விருந்தும் முடியவில்லை. பிறகு தொடையெல்லாம் வலி என்றார், சவாரி அலுப்பு என்று நானும் ஆட்டுக் கொழுப்பைக் காய்ச்சித் தேய்த்தேன். ஒரு காலையில் குதிரை மேல் ஏறவே முடியவில்லை, அது திரும்பித் திரும்பிப் பார்க்கிறது. சிறுநீர் கறுப்புத் தேநீர் போலப் போனதை வெட்கப்பட்டு மறைத்துவிட்டார்.

நாரின் நகர ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மாத்திரை அளவு மீறினால் தசையே சிதைந்து ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்குமாம். பெரியவரே, கொழுப்ப விட்டுட்டு தொடையக் கரைச்சிட்டீங்களே என்று டாக்டரம்மா கேட்க, சம்பந்தி ஊட்டுறப்ப வேணாம்னு எப்படிம்மா சொல்றது என்கிறார் இவர். பயத்தில் எனக்குச் சிரிப்புகூட வரவில்லை. பனியில் மந்தையோடு கணவாய் கடந்த ஆளை ஒரு கோதுமை மணி அளவு மாத்திரை சாய்த்துவிட்டதே என்று மலைத்துப்போனேன். உப்பு நீரை ஏற்றிக்கொண்டே இருந்தார்கள், சிறுநீரின் நிறமும் வெளுத்துக்கொண்டே வந்தது. சிறுநீர் பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், சிரிக்காதே, அவ்வளவு அழகான மஞ்சளை நான் பார்த்ததே இல்லை. சிதைந்த தசை தானாகவே மறுபடி வளருமாம், அதைக் கேட்டு எனக்குப் புல்லரித்துவிட்டது.

மாத்திரை அனுப்பியது நான்தானே என்று மனதைப் புண்ணாக்கிக்கொள்ளாதே. சரியான அளவில் அது நல்ல மருந்துதானாம், ரத்தம் சோதித்துவிட்டு வேறொன்று தருவதாக டாக்டரம்மா சொல்லியிருக்கிறாள். இனி நீயாக எதையும் அனுப்பாதே, நீயும் ஒருமுறை ரத்தக் கொழுப்பைச் சோதித்துக்கொள். உன் பாதை வெளிச்சமாக இருக்கட்டும், பிள்ளைகள் நூறாண்டு வாழட்டும்.

இன்று மதியம் சாப்பிட்டு முடித்ததும் அவரைத் தூக்கிவிட நான் கையை நீட்டினேன், தள்ளு, பாக்கலாம் என்றார். கையைத் தரையில் ஊன்றாமல் கம்பளத்திலிருந்து எழுந்து நின்றுவிட்டார், மகளே. தன் கால்களையே குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார், நானும் பார்த்தேன், ஊற்றிவைத்த தேநீர் அப்படியே ஆறிப்போனது.

உன் அம்மா,
பாத்மா