ஆறு டயரும் ஓர் இருக்கையும்

லொங்குய்ய்,
14.05.2025

அன்பின் புஷ்பவதிக்கு,

நான் இங்கே சுகம். படி ஏறும்போது முழங்கால் மட்டும் முணுமுணுக்கிறது. நீரும் நிரோஜாவும் மருமகனும் பேத்தியும் கல்கரியில் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் இருக்க ஏன் கடிதம் என்று சிரிப்பீர். போனைப் பேத்தி பறித்து வாயில் வைக்கிறாள். அவளிடமிருந்து மீட்டு எடுத்தால், "சாப்பிட்டீங்களோ? சரி, வைக்கிறன்" என்பதோடு நீர் முடித்துவிடுகிறீர். மகளின் பிள்ளைப்பேறு பார்க்க மூன்று மாதம் என்று போனீர். ஏழு மாதம் ஆகிவிட்டது. திரும்பி வரும் டிக்கெட் பற்றி நீரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

படுக்கையும் அடுப்பும் உள்ள எங்கள் பழைய மோட்டர் ஹோமுக்கு டயர் மாற்ற வேண்டி வந்தது. நீர் முகத்தைச் சுளிப்பது இங்கே தெரிகிறது. விமான நிலையத்தில் நீர் கடைசியாகச் சொன்னதும் அதைப் பற்றித்தான். "எனக்காக இல்லாட்டியும் அந்த பஸ்ஸுக்காக எண்டாலும் உடம்பைப் பாத்துக்கொள்ளுங்கோ" என்றீர். பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தபோதுதான் அது பகிடி இல்லை என்று உறைத்தது.

போன கிழமை றொசானின் டயர் கடைக்கு மெல்ல ஓட்டிப் போனேன். முன்பு நாங்கள் கோட்-டெ-நெய்ஜில் இருந்தபோது எங்களுக்கு மேல் மாடியில் இருந்த மன்னார்க் குடும்பத்தின் மூத்தவன்தான். இப்போது தலை நரைத்துவிட்டது. காற்று மட்டும் பார்த்தால் போதும், டயர் புதிது மாதிரித்தான், தேயவே இல்லை என்று பெருமையாகச் சொன்னேன். அவன் குந்தியிருந்து டயரின் பக்கவாட்டில் இருந்த நாலு எண்களைக் காட்டினான். 3013. இரண்டாயிரத்துப் பதின்மூன்றாம் ஆண்டு, முப்பதாவது கிழமையில் செய்த டயராம். "அங்கிள், டயர் ஓடித்தான் கெட வேணும் எண்டில்லை. நிண்டாலும் கெடும்" என்றான். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். என் குதிக்கால் போல வெடித்துக் கிடந்தது.

இதற்கு என்ன பூசினீர்கள் என்று கேட்டான். உண்மையைச் சொன்னேன். ஒவ்வொரு ஒக்டோபரும் தேங்காய் எண்ணெய். தோல் வெடிக்காமல் காப்பது ரப்பரையும் காக்கும் என்பது என் விஞ்ஞானம். எண்ணெய் பட்டால் ரப்பர் இன்னும் கெட்டுப்போகும் என்று சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "தலைக்கு வைக்க எண்ணெய் இல்லை, சில்லுக்கு அபிஷேகம் நடக்குது" என்று நீர் ஏசிய ஏச்செல்லாம் அப்போது காதில் கேட்டது.

முன் இரண்டை மட்டும் மாற்றலாமா என்று கேட்டேன். என் குணம் உமக்குத் தெரியும்தானே. ஆறுக்கும் ஒரே வயது, ஆறையும் மாற்ற வேண்டும் என்று பிடிவாதமாக நின்றான். இரண்டு வகை காட்டினான். ஒன்று சாதாரண வான் டயர். அளவு பொருந்தும், ஆனால் வீட்டையே சுமக்கிற வண்டியின் பாரத்தைத் தாங்காது. மற்றது லொறிக்குப் போடுவது போன்ற தடித்த டயர். பிறகு, "எவ்வளவு தூரம் போகப் போறீங்கள், எத்தினை பேர்?" என்று கேட்டான்.

கஸ்பே கடற்கரை வரைக்கும், இரண்டு பேர் என்று என் வாய் சொல்லிவிட்டது. யோசித்துச் சொல்லவில்லை. சொன்ன பிறகு அவன் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

அங்கே போவோம் என்று ஒன்பது கோடை கேட்டீர், புஷ்பம். முதலில் ஓவர்டைம், பிறகு வீட்டுக் கூரை, பிறகு முழங்கால். ஒவ்வொரு முறையும் "பேந்து பாப்பம்" என்று தள்ளிப்போட்டேன். ஓடாமல் வைத்தால் வண்டி புதிதாகவே இருக்கும் என்று நினைத்தவன் நான். உம்முடைய ஆசையையும் அப்படித்தான் வாசலில் நிறுத்தி வைத்தேன். பிழை என்னுடையதுதான். இதைப் போனில் சொல்ல எனக்கு வராது.

தடித்த டயர் ஆறையும் நேற்றுப் பூட்டியாயிற்று. ஆனால் வேலை முடியவில்லை. எவ்வளவு காற்று அடிப்பது என்பது பாரத்தைப் பொறுத்ததாம். பயணம் போகிற மாதிரியே தண்ணீர், சாமான், ஆட்கள் எல்லாம் ஏற்றி, லொறி நிறுக்கும் தராசில் கொண்டுபோய் நிறுத்துவிட்டு வரச் சொன்னான். தண்ணீர் நிரப்பினேன். உம்முடைய புட்டுப் பானையை வைத்தேன். கடற்கரையில் போட இரண்டு கதிரையும் வைத்தேன்.

நீர் இல்லாததால் உம்முடைய இருக்கையில் இருபது கிலோ அரிசி மூட்டைகளை வைக்கச் சொன்னான் றொசான். மூன்றா நாலா என்று கேட்டான். மூன்றுதான் என்று அடித்துச் சொன்னேன், அதை நீர் கவனிக்க வேண்டும். இன்று காலை மூன்றையும் தூக்கி வைத்து, சீற் பெல்ட்டும் போட்டுவிட்டேன். தெரு முனைவரைக்கும் போனேன். பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். அதற்கு மேல் ஓட்ட முடியவில்லை. வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்து மூட்டைகளை இறக்கிவிட்டேன்.

பேத்தியை விட்டு வருவது உமக்குக் கஷ்டம் என்று தெரியும். கொஞ்ச நாளுக்கு என்றாலும் வாரும். பிள்ளைகளைக் கடவுள் காப்பாற்றட்டும். அந்த இருக்கை வெறுமையாக இருக்கிறது. நீர் வந்து இருந்த பிறகுதான் வண்டியை நிறுப்பேன்.

உம்மைப் பார்த்திருக்கும்,
பேரின்பநாதன்